லயத்துல தனி ரூம் எங்க, டீச்சர்?

விஞ்ஞானப் பாடம் முடியும் நேரம் ஒரு பிள்ளை எழும்பினாள். அவளுடைய அம்மாவுக்குத் தைரொயிட் நோய். கதிரியக்க அயடீன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்குத் தனி அறையில் படுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்திருக்கக் கூடாது, மலசலகூடத்துக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"லயத்துல தனி ரூம் எங்க, டீச்சர்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

வைத்தியர்கள் சொன்னதில் பிழையில்லை. தைரொயிட் சுரப்பி அயடீனை இழுத்து எடுத்துக்கொள்ளும். அதனால் மருந்து போக வேண்டிய இடத்துக்கே போய் வேலை செய்கிறது. 1941இல் பொஸ்டன் நகரில் சோல் ஹேர்ட்ஸ் என்ற வைத்தியர் தொடக்கிவைத்த சிகிச்சை இது. இன்று கொடுக்கும் அயடீன்-131இன் அரைவாழ்வு 8 நாட்கள். கொஞ்ச நாளைக்கு உடம்பிலிருந்து கதிர் வெளியே வரும். ஆகவே எச்சரிக்கை தேவைதான்.

ஆனால் அந்த அறிவுரை, அறைகள் உள்ள வீட்டை நினைத்து எழுதப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் படுத்தால் என்ன செய்வது? நாலு வீட்டுக்கு ஒரு மலசலகூடம் என்றால்? இது ஆராய்ச்சி செய்ய வேண்டிய கேள்வி. அந்தக் காம்பராவில் படுத்து வளர்ந்த ஒருவருக்குத்தான் இது முதலில் தோன்றும்.

அப்படி ஒருவரை உருவாக்கப் பணம் இல்லாமல் இல்லை. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2020இல் மேரி கியூரியின் பெயரில் ஒரு புலமைப்பரிசிலை ஆரம்பித்தது. அணு மருத்துவம் உட்பட அணுசார்ந்த துறைகளில் முதுமாணிப் பட்டம் படிக்கும் பெண்களுக்கு, கட்டணத்துக்காக வருடம் 10,000 யூரோ வரையும், வாழ்க்கைச் செலவுக்காக இன்னொரு 10,000 யூரோ வரையும் இரண்டு வருடங்களுக்குத் தருகிறார்கள். இலங்கை 1957 முதல் அதில் உறுப்பு நாடு. நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

மேரி கியூரியின் கதையும் நமக்குத் தூரமானதல்ல. அக்கா பாரிஸில் டொக்டருக்குப் படிக்கட்டும் என்று, அவர் அடுத்தவர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் அனுப்பினார். பிறகு அக்கா கைகொடுக்க, 1891இல் அவரும் பாரிஸுக்குப் போனார். தங்கச்சி படிக்கட்டும் என்று கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காமார் நம் தோட்டங்களில் எத்தனை பேர்!

ஆனால் அந்தப் பரிசு பட்டம் முடித்தவர்களுக்கு. நம் பிள்ளைகளின் பாதை பதினாறு வயதிலேயே அடைபட்டு விடுகிறது. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று லிந்துலைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. "விஞ்ஞானம் கஷ்டம் மகள், கலைப்பிரிவு எடுத்தால் பாஸாகலாம்" என்று சொன்னது நாங்கள்தான். கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல. ஆனால் பாடசாலையின் சித்தி வீதத்தை நினைத்து ஒரு பிள்ளையின் கதவை மூடியது பெரிய பிழை.

2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க, இந்த நாட்டு மக்கள் இனம் மதம் பார்க்காமல் கோடிக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்கள். இயந்திரத்துக்குச் சேர்க்க முடிந்த நமக்கு, ஒரு மாணவியின் பஸ் காசுக்கும் விடுதிக் காசுக்கும் சேர்க்க முடியாதா? பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று எல்லா நிர்வாகங்களும், பழைய மாணவர் சங்கங்களும் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். இந்த வருடம் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளையை நாங்கள் திருப்பி அனுப்ப மாட்டோம்.

கேள்வி கேட்ட பிள்ளை தரம் 11. அதற்குப் பதிலை அவளே ஒருநாள் கண்டுபிடிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.