வீட்டாரே வெளியேற்றும்போது



“இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்” என்றார் ஒரு பெரியவர். இருபது ஆண்டுகளாகத் திருவிழாக் கணக்கைக் கைசுத்தமாக எழுதி வந்தவர் அவர். ஓராண்டுக் கணக்கில் தொகை குறைந்தபோது, பங்கில் அவர் பெயர் அடிபட்டது. பிழை வேறிடத்தில் நேர்ந்தது என்று பின்னர் தெரிந்தும், அவரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்வார் இல்லை. ஆறு மாதங்களாக அவர் திருப்பலிக்கு வருவதில்லை. நாம் காணச் சென்றபோது, காப்பி கொடுத்து உபசரித்தார். பிறகு இந்த ஒரே வரியைச் சொல்லிவிட்டு மௌனமானார்.

“ஆண்டவர் பொறுத்தார்; நீங்களும் பொறுங்கள்” என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அடிபடாதவன் அடிபட்டவனுக்குச் சொல்லும் ஆறுதல் அது. ஆண்டவரையும் வளர்ந்த ஊராகிய நாசரேத்தார்தாம் மலை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அயலார் ஏச்சு தோலோடு நிற்கும். வீட்டார் ஏச்சு எலும்பில் இறங்கும். ஆகவே, அவரைப்போல் வீட்டாராலேயே வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம்.

ஆஸ்திரேலியாவில் 1842-ல் பிறந்தவர் மேரி மக்கிலொப். பெனோலா என்னும் சிற்றூரில், 1866-ல், ஒரு குதிரை லாயத்தைச் செப்பனிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். குருவானவர் ஜூலியன் டெனிசன் வுட்ஸ் வழிகாட்ட, புனித சூசையப்பர் கன்னியர் சபை அங்கே முளைத்தது. சபை முழுவதற்கும் ஒரே தலைவி இருப்பார் என்பது அதன் ஒழுங்கு. அடிலெய்டு ஆயர் ஷீலோ, கன்னியர் மடங்கள் அந்தந்தப் பங்குக் குருக்களின் கீழ் இயங்க வேண்டும் என்று விரும்பினார். சபையைப் பற்றி அவர் செவியில் விழுந்த புகார்களும் பல. தாம் வார்த்தைப்பாடு கொடுத்த ஒழுங்கை மாற்ற இயலாதென்று மேரி பணிவோடு தெரிவித்தார். 1871 செப்டம்பர் 22-ந் தேதி, சகோதரிகள் பார்த்திருக்க, ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அப்போது அவருக்கு வயது 29.

நற்கருணையே உயிராக இருந்தவருக்கு அந்தக் கதவு அடைக்கப்பட்டது. பள்ளிகள் பல மூடப்பட்டன. கன்னியர் பலர் தெருவில் நின்றார்கள். அவர்களுக்கு வீடு கொடுத்து உதவியவர் ஒரு யூதர், இம்மானுவேல் சாலமன் என்பவர். (கத்தோலிக்கர் கைவிட்ட இடத்தில் யூதர் ஒருவர் கைகொடுத்தார். இதை நம் பங்குகளில் உரக்கச் சொல்ல வேண்டும்.) மேரியோ ஆயரைத் தூற்றவில்லை, தமக்காக வாதாட ஆள் திரட்டவுமில்லை. அந்த வேளையில் இறைவன் தமக்கு மிக அண்மையில் இருந்ததாகவே பின்னர் எழுதினார்.

பெரியவர் இடைமறித்தார்: “அப்படியானால், வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் விசுவாசமா?”

நல்ல கேள்வி. 1872 பெப்ருவரியில், மரணப் படுக்கையிலிருந்த ஆயரே அந்தத் தண்டனையை நீக்கச் செய்தார்; மார்ச் 1-ந் தேதி காலமானார். மேரி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1873-ல் கப்பலேறி உரோமை சென்றார். பாப்பரசர் 9-ம் பத்திநாதரைக் கண்டார். சபையின் ஒழுங்குகளைப் பரிசீலிக்குமாறு வேண்டினார். தம் மானத்துக்காக வாய் திறவாதவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணிக்காக உலகில் பாதி தூரம் கடந்து போய்ப் பேசினார். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இதைவிடக் கசப்பான அடி பிறகே விழுந்தது. உரோமை அந்த ஒழுங்குகளில் சிலவற்றை மாற்றியது. மேரி அவற்றைக் காக்கத் தவறிவிட்டார் என்று வுட்ஸ் அடிகள் மனம் கசந்து விலகினார். அந்த நட்பு பழையபடி துளிர்க்கவே இல்லை. 1883-ல் அடிலெய்டை விட்டு வெளியேறும்படியும் மேரிக்குக் கட்டளை வந்தது; அவர் குடிக்கிறார் என்றுகூடப் பழி சொன்னார்கள். சிட்னிக்குப் போனார். 1885-ல் தலைமை வேறொரு சகோதரிக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்குக் கீழ்ப்படிந்து பல்லாண்டு உழைத்தார். 1899-ல் சகோதரிகளே அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தார்கள். வுட்ஸ் அடிகள் இறந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இந்த மேரியே.

1909 ஆகஸ்டு 8-ந் தேதி அவர் மரித்தார். 2010-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் அவரே.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. “விலக்கியவர் தாமே விலக்கை நீக்கினார் அல்லவா? எனக்கு அப்படி யாரும் வரவில்லையே” என்றார் கடைசியில். நம்மிடம் அதற்கு விடை இல்லை. வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை என்பது உண்மை. அந்தக் குறை பங்கின் குறை, அவருடையதன்று. அதைப் பங்குத் தந்தையிடம் நாமே சொல்லுகிறோம் என்று வாக்களித்தோம்.

நாம் எழுந்தபோது, அதுவரை கதவோரம் நின்று கேட்டிருந்த அவர் மனைவி, “அந்தப் புனிதையின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார். சொன்னோம். சுவரிலிருந்த நாட்காட்டியில் ஆகஸ்டுத் தாளைப் புரட்டி, 8-ந் தேதிக்கு எதிரே எழுதிவைத்தார். பெரியவர் கண்ணாடியை அணிந்துகொண்டு, எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.