தொண்டை வலியும் இருதயமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்து நெருங்கி நிற்கும் வாடகை வீடுகளில், ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்துறங்கும் குடும்பங்களில், குழந்தைக்குத் தொண்டை வலி கண்டால், உப்பிட்ட வெந்நீரோடு விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி அதற்குக் காரணமாயிருப்பின், இரண்டு மூன்று வாரம் சென்று, வலி மறந்தே போன சமயத்தில், ஜுரமும் மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கமும் தோன்றக்கூடும் (ருமாட்டிக் ஜுரம் என்பது இதுவே); கிருமியை எதிர்க்கச் சரீரம் திரட்டிய சக்தியே, அக்கிருமியின் சாயலுள்ள இருதய வால்வுகளைச் சத்துருவென மயங்கித் தாக்குகிறது.

தன்னையே தான் பகைக்கும் வியாதிக்குக் கிருமி வித்தாகலாம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை. அதற்காக, மூட்டுவாதம் அனைத்திற்கும் கிருமியே மூலமென்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவது அவசரபுத்தி. ஈறுகளை அரிக்கும் ஒரு கிருமிக்கும் முடக்குவாதத்திற்கும் சம்பந்தமுண்டென்று ஆராய்ச்சியாளர் சந்தேகிக்கிறார்களேயன்றி, நிரூபணம் ஏற்படவில்லை. (பல் வைத்தியரிடம் போக அது நல்ல சாக்குதான்.)

ருமாட்டிக் ஜுரத்திலோ வழி தெளிவு. தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம்; ஒருமுறை வந்தவர்க்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி, வருஷக்கணக்கில். மலிவான மருந்தாதலால் தயாரிப்போருக்கு லாபம் சொற்பம். உலகெங்கும் அடிக்கடி தட்டுப்பாடு. ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் சுகாதார நிலையங்களில் அம்மருந்து எந்த வாரமும் தீராதிருக்க வேண்டுமென்பதே என் கோரிக்கை.