மெஹ்ஃபில் எங்கே நடக்கிறது?

சனிக்கிழமை மாலை கொச்சியில் கதகளி பார்க்க விரும்புகிறவனுக்கு யாதொரு சிரமமும் இல்லை. எந்த மண்டபம், எத்தனை மணிக்கு அரிதாரம் பூசத் தொடங்குவார்கள், கட்டணம் என்ன என்பதெல்லாம் கோட்டைக் கொச்சிச் சுவர்களிலேயே ஒட்டியிருக்கும். ஆனால் அதே கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதிக்குச் சொந்தச் சொத்தென்று சொல்லத்தக்க மெஹ்ஃபிலை, ஜமக்காளத்தின்மேல் ஆர்மோனியமும் தபலாவும் வீற்றிருக்க, கஜலும் பழைய மலையாளப் பாட்டுமாக நள்ளிரவு கடந்தும் நீளுகின்ற அந்தச் சங்கீதத்தை, வாரக் கடைசியில் வந்து தேடுகிறவன் பாடு வேறு.

நானும் அப்படித் தேடிப் போனவன். பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளை அடுத்த சாயாக்கடையில், சுலைமானியை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், "இக்கா, இன்றைக்கு எங்காவது பாட்டு உண்டா?" என்றேன். "கல்யாண வீடு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், சார்" என்றார். விசாரித்தேன். கல்யாணம் இருந்தது, ஆனால் பாட்டு முந்தின இரவே முடிந்து, ஜமக்காளத்தையும் உதறி மடித்துவிட்டார்களாம்.

நஷ்டம் என்போன்ற வழிப்போக்கனுக்கு மட்டுமன்று. மட்டாஞ்சேரி மெஹ்ஃபில்களின் நாயகராக விளங்கி, 1954-இல் வெளிவந்த 'நீலக்குயில்' படத்திலும் பாடிய மெஹபூப் 1981-இல் காலமானபோது, அவருடைய சினிமாப் பாட்டுக்கள் இசைத்தட்டுகளில் தங்கின. கல்யாணப் பந்தல்களில் விடிய விடியப் பாடியதில் பெரும்பகுதி கேட்டவர் செவிகளோடு நின்றுபோயிற்று. பிற்பாடு மலையாள கஜலுக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்த உம்பாயியும் இந்த ஊர்க்காரர்தாம். அவரும் 2018-இல் மறைந்தார்.

இப்படித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. துருக்கியிலே, 'ஸாஸ்' என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த 'ஆஷிக்' என்னும் பாணர்களை, 1931-இல் சிவாஸ் நகரத்தில் அஹ்மத் குட்ஸி தெஜர் என்னும் ஆசிரியர் ஒரு விழாவாகக் கூட்டினார். கண் பார்வையற்ற கிராமத்துப் பாடகர் வெய்ஸலின் பெயர் ஊர் எல்லையைத் தாண்டியது அங்கேதான். இன்றைக்கும் இஸ்தான்புல்லின் பெயோலு வட்டாரத்தில் நாட்டுப்பாடலுக்கென்றே விடுதிகள் இருப்பதால், வாரக் கடைசியில் ஸாஸ் கேட்க ஆசைப்படுகிறவன் கல்யாண வீடு தேடி அலைவதில்லை.

நாளும் நேரமும் குறித்துவிட்டால் மெஹ்ஃபிலும் கதகளியைப்போல உல்லாசப் பிரயாணிகளுக்கென்று ஒரு மணி நேரமாகக் கத்தரிக்கப்பட்டுவிடும் என்று அஞ்சுகிற ரசிகர்கள் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் மார்கழியில் இன்ன சபாவில் இன்னார் கச்சேரி என்று பத்திரிகைகள் பட்டியல் போடுவதனால் சென்னையில் எந்த ராக ஆலாபனையும் குறுகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. (குறுகியிருந்தால் அதற்குக் காரணம் காண்டீன்.) மாதத்தில் ஒரு சனிக்கிழமையை உள்ளூர்ப் பாடகர்களே தேர்ந்துகொள்ளட்டும், ஏதேனும் ஒரு கிடங்கின் மாடியில், அவர்கள் இஷ்டப்பட்ட மட்டும் பாடட்டும், சுற்றுலாக்காரர்களின் கைக்கு அதை விடவேண்டாம். இடமும் நாளும் எழுதிய ஒரு கரும்பலகை போதும். அதைத் தொங்கவிட, அந்தச் சாயாக்கடையில் விலைப்பட்டியலுக்குக் கீழே ஒரு முழச் சுவர் காலியாக இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன்.