பச்சை வீழ்படிவும் பாலாற்று நீரும்

வேதியியல் என்றாலே மனப்பாடம் என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே நம்மில் பலரது நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. இரும்பு ஹைட்ராக்சைடு செம்பழுப்பு, தாமிர ஹைட்ராக்சைடு நீலம், குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சை என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறோம். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் வாதம். வேறெந்த மாவட்டத்து மாணவர் கேட்காவிட்டாலும், வேலூர் வட்டாரத்து மாணவர் கேட்டே ஆக வேண்டும்.

நான் அமிர்தியிலிருந்து வருபவன். கடுக்காய் பொறுக்கிய குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். ஒரு காலத்தில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் இங்குத் தோலைப் பதனிட்டன. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, ஓரிரு நாளில் முடியும் குரோம் முறை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எங்கும் பரவியது.

இடைநிலைத் தனிமமான குரோமியம், தோலின் புரதத்தோடு அணைவுப் பிணைப்பு கொள்கிறது. அதற்காக டிரம்மில் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் ஹைட்ராக்சைடு தோலின் மேலேயே படிந்து கறையாகும். சோதனைக் குழாயில் நாம் விரும்பி வரவேற்கும் வீழ்படிவு அங்கே வேண்டாத விருந்தாளி!

கழிவுநீரிலோ அதே வீழ்படிவுதான் காவலன். காரம் சேர்த்து, பிஎச் மதிப்பை 8, 9 என்ற அளவில் நிறுத்தினால் மிஞ்சிய குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். இதற்கு மெக்னீசியம் ஆக்சைடைத் தேர்ந்தெடுப்பது ஏன்? அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே காரத்தன்மை எல்லை மீறாது. சோடியம் ஹைட்ராக்சைடு மிகுந்துவிட்டால், பிடிபட்ட குரோமியம் மறுபடியும் கரைந்து நீரோடு போய்விடும். ஒரு மதிப்பெண்ணுக்காக நாம் படித்த ‘ஈரியல்பு’ என்ற சொல்லின் பொருள் இதுதான்!

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. தோலில் தடவிய சாதாரண உப்பு ஹைட்ராக்சைடாக வீழாது, கரைந்தே நிற்கும். அது தனிச் சிக்கல். பாலாற்றுப் பகுதியின் குடிநீரும் விளைநிலமும் தோல் கழிவால் கெட்டதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. தோல் தொழில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. டிரம் அருகே நின்று உழைப்பவர்கள் நம் அண்ணன்மாரும் மாமன்மாரும் அல்லவா?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. செய்முறைத் தேர்வில் நிறத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால், காரணத்துக்கு இரண்டு தாருங்கள். ஆண்டுக்கொரு முறை பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு எங்களை அழைத்துச் செல்லுங்கள். மாணவ நண்பர்களே! உழைக்கும் குடும்பங்களிலிருந்து பட்டம் பெற வந்திருக்கிறோம். அவர்கள் குடிக்கும் நீரைக் காக்கப் பயன்படாவிட்டால், நாம் படித்த வேதியியல் ஏட்டுச் சுரைக்காயே!