ஒரு கிரவுண்டில் இரண்டு கிணறு

சுய சான்றுத் திட்டம் பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 22ஆம் தேதி தமிழக அரசு அதைத் தொடங்கியபோது, சொந்த வீடு கட்டும் நடுத்தரக் குடும்பம் இனி அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டாம் என்றார்கள். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக இருந்தால் இணையத்தில் பதிந்தவுடன் அனுமதி. அதற்கு முன் யாரும் மனையை வந்து பார்க்க மாட்டார்கள். கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் கேட்க மாட்டார்கள். அலைச்சலைக் குறைத்ததை நாம் குறை சொல்லவில்லை. வந்து பார்க்கும் கண்ணையே எடுத்துவிட்டார்களே, அதைத்தான் சொல்கிறோம்.

அந்தக் கண் எதற்குத் தேவை என்று பாருங்கள். தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சி. நாற்பதுக்கு அறுபது என்று ஒரு கிரவுண்டில் ஒரு வீடு, ஒரு கிணறு, கொல்லையில் ஒரு தென்னையும் முருங்கையுமாக இருந்த இடத்தை இடித்து, இருபது இருபது அடியாகப் பிளந்து, நடுவில் ஒட்டுச்சுவர் எழுப்பி இரண்டு வீடு கட்டுகிறார்கள். தரகர்கள் இதை ட்வின் ஹவுஸ் என்கிறார்கள். வாசல் பலகையிலோ ‘தனி வீடு விற்பனைக்கு’ என்றுதான் இருக்கிறது.

புரமோட்டர் இப்படிக் கட்டுவதற்குக் காரணம் சிதம்பர ரகசியம் அல்ல. அகலம் குறைந்த மனையென்றால் பக்கவாட்டில் ஒரு புறம் இடம் விட்டால் போதும் என்பது நெடுநாளைய விதி. முழு கிரவுண்டில் ஒரு வீடு கட்டினால் இரு பக்கமும் விட வேண்டும். அதையே இரண்டாகப் பிளந்தால் ஒட்டுச்சுவர்ப் பக்கம் ஓர் அங்குலம்கூட விட வேண்டாம். விற்க இரண்டு வீடும் கிடைக்கும். இன்றைய மனை விலையில் முழு கிரவுண்டு வாங்கும் வசதி மாதச் சம்பளக்காரருக்கு இல்லை. அடுக்ககம் வாங்கினால் பிரிபடாத பாகம்தான். இங்கே பாதி கிரவுண்டானாலும் மண் தன் பேரில், பட்டா தன் பேரில். வாங்குபவரை எந்த விதத்திலும் குற்றம் சொல்ல முடியாது. பொதுச்சுவரும் நமக்குப் புதிதல்ல. கும்பகோணத்து அக்ரகார வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவைதான். ஆனால் அந்த மனைகள் அடுத்த தெருவரை நீண்டு கிடந்தன. கிணறு ஓரிடம், கழிப்பறை கொல்லைக் கோடியில் வேறிடம்.

தாம்பரத்தில் அந்த நீளம் இல்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு மாநகராட்சி என்று பெயர் சூட்டினார்கள். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இன்றும் எத்தனையோ. அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினாலும், குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, குழந்தைக்கு வாய் கொப்பளிக்க போர்வெல் தண்ணீர்தான். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 60 அடி. நம் மனையின் நீளமே 60 அடி!

முழு கிரவுண்டில் ஒரே வீடு இருந்தபோது முன் மூலையில் கிணறும் எதிர்க் கோடியில் குழியுமாக ஏதோ சமாளிக்க முடிந்தது. இப்போது அதே மண்ணில் இரண்டு போர், இரண்டு டேங்க், இரண்டு குழி. ஒரு வீட்டுக்காரர் வாசலில் போர் போடுகிறார். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் டேங்க். லாரி வந்து உறிஞ்ச வசதி என்பதால் அதுவும் வாசலிலேயே. இடையில் எத்தனை அடி இருக்கும்? பத்தா, பதினைந்தா? பின் மனையிலும் ஒரு ஜோடி வீடு முளைத்தால் அவர்களுடைய குழி நம் சமையலறைச் சுவருக்கு வெளியே. வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை. இருந்த ஒருவரையும் வர வேண்டாம் என்று சொன்னதுதான் 2024இன் முடிவு. சான்று அளித்த புரமோட்டர் விற்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். தண்ணீரில் நாற்றம் வரும் நாளில் இருபது வருடக் கடனோடு அந்த வீட்டில் நிற்பவர் வேறு ஒருவர்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மக்கள் மருத்துவமனைக்கு ஓடியதையும், குடிநீரில் கழிவுநீர் கலந்ததாகப் புகார் எழுந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் காரணமல்ல என்று மறுப்பதில் காட்டிய வேகத்தை, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெருத் தெருவாகப் பார்ப்பதில் காட்டினார்களா?

கட்டும்போது பார்க்காமல் இருந்துவிட்டுப் பிறகு கட்டணம் வாங்கி மன்னிப்பது ஆட்சியாளர்களுக்குப் பழகிய வழி. விதிமீறிய கட்டடங்களுக்கு ஒரு முறை மட்டும் என்று 1999இல் வரன்முறை தந்தார்கள். அதையே 2000, 2001, 2002 என்று நீட்டினார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைத் தள்ளியது. அப்போதும் ஓயாமல், 2007 ஜூலைக்கு முந்தைய கட்டடங்களுக்கென்று 2012இல் இன்னொரு சட்டப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். மனைகளின் கதையும் இதேதான். அங்கீகாரமில்லா மனைப்பிரிவுகளைப் பல்லாண்டுகள் பதிவு செய்துகொண்டே போனார்கள். 2016 செப்டம்பரில் நீதிமன்றம் பதிவையே நிறுத்திய பிறகுதான் விழித்துக்கொண்டு, 2017 மே மாதம் வரன்முறை விதிகளை எழுதினார்கள். அதற்கும் கெடுவுக்கு மேல் கெடு.

அடையாற்றை ஒட்டி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் எழும்பியபோது பேசாமல் இருந்தவர்களும் இவர்கள்தான். 2015 டிசம்பரில் அங்கே மக்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவர நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர் மறுபடியும் முழங்காலளவுக்கு மேல் தண்ணீரில் நின்றது. அந்த வெள்ளம் வடிந்த மாதமே, 30ஆம் தேதி, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே ஓடும் தண்டவாளத்தில் ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லாமலே திறந்தார்கள். பெட்டியும் கையில் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. சாலையில் அல்லாடிய குடும்பங்களைத் தாம்பரத்துக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். எது முதலில் வர வேண்டும், எது பிறகு என்ற சாதாரணக் கணக்கு எத்தனை முறை பட்டாலும் இவர்களுக்கு ஏறவில்லை. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் வீட்டை இரட்டிப்பாக்குவதும் அதே பிழைதான்.

சுய சான்றுத் திட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. தன் மனையில் தான் குடியிருக்கக் கட்டுபவர் வேறு, பிளந்து விற்பவர் வேறு என்பதையாவது உணரட்டும். சாக்கடை எட்டாத தெருவில் ஒட்டு வீடு கட்டுவதற்கு முன் அந்த மண்ணையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் பொறுப்பான ஒருவர் நேரில் பார்க்க ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்யட்டும். எப்படிச் செய்வது என்பதைச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் யோசிக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கி, நிலத்தடி நீர் உறிஞ்சுகுழிகளின் மட்டத்துக்கு ஏறிவிடும் முன் அது நடந்தாக வேண்டும்.