கிரகணமும் பள்ளிக்கூடமும்

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஈரோடு, திண்டுக்கல் பக்கங்களில் சூரியனைச் சந்திரன் மறைத்து வளையமாகக் காட்டிற்று. மேகமில்லாத இடத்தில் மரத்தடியில் நின்ற பிள்ளை, இலை இடுக்குகளின் வழியே விழுந்த வெயில் தரையெல்லாம் வளையம் வளையமாய்க் கிடந்ததைக் கண்டிருக்கும். காசு செலவில்லாத பாடம்! ஆனால் கோயிலைச் சாத்தியது போலவே குழந்தையையும் வீட்டிற்குள் போட்டுச் சாத்தினால் அது எதைக் காணும்? வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கத்தான் பயப்பட வேண்டும்; தரையைப் பார்க்க என்ன பயம்?

2027 ஆகஸ்ட் 2-ந் தேதி, திங்கட்கிழமை மாலை, நம் பக்கம் சூரியன் ஓரளவு மறையும். அன்று உபாத்தியாயர்கள் கரும்பலகையில் வட்டம் போடுவார்களா, அல்லது ஊசித் துவாரமிட்ட அட்டையுடன் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார்களா என்று நாம் கேட்கிறோம். ராகு கேதுவை நம்பும் உபாத்தியாயரும் கூட வரட்டும்; அவருக்கும் அது பாடந்தானே!