வெட்டி எடுக்க வசதியாக ஒரு நடனம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்ததில் வாய்த்த நல்ல விஷயம், எங்கள் கிளையில் இருக்கும் வங்காளி நண்பர். பழைய ஹாலிவுட் படம் என்றால் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பேசுவார். போன வாரம் அவரோடு சண்டை. மியூசிக்கல் படங்களிலேயே தலைசிறந்த நடனம் எது? அவர் யோசிக்கவே இல்லை. 1952-ல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்', ஜீன் கெல்லி குடையோடு மழையில் ஆடுவது. பெரும்பாலானவர்கள் பட்டியல் போட்டாலும் இதைத்தான் முதலில் வைப்பார்கள்.

நான் வைக்க மாட்டேன். அருமையான ஆட்டம், சரி. உடம்பில் 103 டிகிரி காய்ச்சலோடு ஆடினார், அதுவும் சரி. ஆனால் 1943-ல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தின் கடைசியில் நிக்கலஸ் சகோதரர்கள் ஆடுவதைப் பாருங்கள். கேப் காலோவே பாட்டை முடிக்கிறார். அண்ணன் ஃபேயார்டும் தம்பி ஹெரால்டும் வாத்தியக்காரர்கள் நடுவே தாவி, பியானோ மேல் ஏறி, கடைசியில் ஒரு பெரிய படிக்கட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் தலையை இன்னொருவர் தாண்டி, கீழ்ப்படியில் இரண்டு காலையும் முழுக்க விரித்து விழுகிறார். விழுந்த வேகத்திலேயே எழுகிறார். உடனே மற்றவர் அவரைத் தாண்டுகிறார். இப்படியே கீழ் வரைக்கும். முறையாக நடனம் படித்தவர்கள் இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். அவ்வளவும் கோட்டும் சூட்டுமாக!

நண்பர் சொன்னார், "அது சர்க்கஸ் சார். கெல்லி ஆட்டத்தில் ஒரு கதை இருக்கு, ஒரு காதல் இருக்கு."

இங்கேதான் எனக்குக் கோபம். 1951-ல் 'ராயல் வெட்டிங்' படத்தில் ஃப்ரெட் ஆஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடினாரே, அறையையே சுழலவிட்டு எடுத்தது, அதை யாராவது சர்க்கஸ் என்றார்களா? கலை என்றார்கள். சரி, கதை இல்லை என்கிறீர்களே, அவர்களுக்குக் கதையை யார் கொடுத்தார்கள்? 'டவுன் அர்ஜென்டைன் வே' (1940), 'சன் வேலி செரினேட்' (1941), இரண்டிலும் வருவார்கள், ஆடுவார்கள், போய்விடுவார்கள். கறுப்பர்கள் ஆடும் காட்சியைக் கதையோடு ஒட்டாமல் தனித் துண்டாக எடுப்பதுதான் அன்றைய வழக்கம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் தியேட்டர்காரர்கள் வெட்டி எறிந்தாலும் கதை கெடக்கூடாதே! எங்கள் பாஷையில் சொன்னால், எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்பது. 'ஸ்டார்மி வெதர்' முழுக்கக் கறுப்பர்கள் நடித்த படம். அதிலும் இவர்களுக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு ஆட்டம்தான்.

கெல்லியைக் குறை சொல்லவில்லை. 1948-ல் 'த பைரேட்' படத்தில் இந்தச் சகோதரர்களோடு சேர்ந்து சரிக்குச் சமமாக ஆடியவர் அவர். அந்தக் காட்சியும் தெற்கே சில ஊர்களில் வெட்டுப்பட்டது. பாதைக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, நடந்தவன் நொண்டுகிறான் என்று மார்க் குறைக்கிற நம் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தை நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். திங்கள்கிழமை வந்து மறுபடி சர்க்கஸ் என்றால், சாப்பாட்டு டப்பாவை நான் மூடிவிடுவேன்.